அசல் இசைத்தட்டு இல்லாமல் ஆட வைக்கக் கூடாதா? நார்தர்ன் சோல் இரவுகள் பற்றி ஒரு வாக்குவாதம்

ஊசிமுனை:
போன மாதம் யார்க்‌ஷயர் பக்கம் ஒரு சிறிய கிளப்பில் நார்தர்ன் சோல் இரவு நடந்தது. அரை மணி நேரம் தட்டு போட என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பெட்டியைத் திறந்ததும் அமைப்பாளர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, ஏழு தட்டுகளை ஓரமாக வைத்துவிட்டார். ஏழும் மறுபதிப்புகள். திருட்டுப் பதிப்பு ஒன்றுகூடக் கிடையாது, எல்லாம் உரிமை வாங்கி முறையாக வெளியிட்டவை. இங்கே அந்தக் காலத்து அசல் மட்டும்தான் என்று சொல்லிவிட்டார்.

பின்னணி தெரியாதவர்களுக்கு: 1960களின் பிற்பகுதியிலிருந்து வட இங்கிலாந்தின் ஆலை நகரங்களில் இளைஞர்கள் விடிய விடிய ஆடியது, அமெரிக்கக் கறுப்பினத்தவரின் சோல் இசையில், அங்கே விற்காமல் போன வேகமான பாட்டுகளுக்கு. டெட்ராய்ட், சிகாகோ போன்ற ஊர்களின் சின்னச் சின்னக் கம்பெனிகள் போட்ட 45 சுற்றுத் தட்டுகள் அவை. லண்டன் கோவென்ட் கார்டனில் கடை வைத்திருந்த டேவ் காடின், கால்பந்து பார்க்க வடக்கிலிருந்து வந்தவர்கள் புதிய ஃபங்க் தட்டுகளைத் தொடாமல் பழைய வேகப் பாட்டுகளையே கேட்பதைக் கவனித்தார். அவர் வைத்த பெயர்தான் நார்தர்ன் சோல்.

சரி, என் கேள்வி இதுதான். ஆடுகிறவருக்குத் தட்டு எந்த ஆண்டில் அச்சானது என்று காதில் கேட்குமா? அசல் மட்டும் என்ற விதி இருந்தால் காசுள்ளவன் மட்டும்தான் மேடை ஏற முடியும்.

கீறல்விழாதவன்:
தம்பி, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனாலும் அமைப்பாளர் செய்தது சரி.

இந்த இசை வானொலியில் வந்ததல்ல, பெரிய கம்பெனி விளம்பரம் செய்து வந்ததும் அல்ல. அமெரிக்கக் கிடங்குகளில் தூசி மூடிக் கிடந்த ஆயிரக்கணக்கான தட்டுகளை யாரோ ஒருவர் மண்டியிட்டுப் புரட்டினார். இருநூறு தட்டு கேட்டால் ஒன்று தேறும். அந்த ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து விகன், பிளாக்பூல் போன்ற வட இங்கிலாந்து ஊர்களின் நடனக் கூடங்களில் போட்டார். தேடினவருக்குக் கிடைத்த மரியாதை, அந்தப் பாட்டு அவரிடம் மட்டும் இருக்கிறது என்பதுதான். அதனால்தான் டிஜேக்கள் லேபிளின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டி, பாடகருக்குப் பொய்ப் பெயர் வைத்தார்கள். பெயர் வெளியே தெரிந்தால் அடுத்த மாதமே நகல் வந்துவிடும்.

எது வேண்டுமானாலும் போடலாம் என்றால் எல்லாரும் தெரிந்த ஐம்பது பாட்டையே போடுவார்கள். புதிதாகத் தேட யாருக்கு மனம் வரும்? நான் 31 வருடமாகத் தேடுகிறேன். என் பெட்டியில் இருக்கும் தட்டுகளில் பாதிக்குமேல் பத்துப் பவுண்டுக்குள் வாங்கியவை. அசல் என்றால் ஆயிரக்கணக்கில் ஆகும் என்பது தேடாதவர்கள் சொல்வது.

பால்கனிப்படி:
நான் வயதில் மூத்தவன், கொஞ்சம் நீளமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள். 1975இல் போல்ட்டனுக்குப் படிக்க வந்தேன். விகன் அங்கிருந்து பக்கம். உடன் படித்த ஒரு பையன், வா, இரவு இரண்டு மணிக்கு ஒரு இடம் திறக்கும் என்றான். இரண்டு மணிக்கு எதுவாவது திறக்குமா என்று நம்பாமல்தான் போனேன்.

அந்த இடம் விகன் கேசினோ. பெயர்தான் கேசினோ, அது நடனக் கூடம். அதன் ஆல்நைட்டர், அதாவது விடிய விடிய நடக்கும் ஆட்டம், 1973 செப்டம்பர் 23இல் தொடங்கியது. நான் போனபோது கதவு திறக்கும் முன் தெருவில் அப்படி ஒரு நெரிசல், கால் தரையில் படாமலே உள்ளே போய்விட்டேன். உள்ளே முதலில் தாக்கியது சூடு. அப்புறம் வாசனை: வியர்வை, டால்கம் பவுடர், பழைய கட்டடத்தின் ஈரம் எல்லாம் கலந்தது. மேற்கூரையில் நீர் கோத்துச் சொட்டியது. மது கிடையாது. போதை மாத்திரை இருந்தது, அதை மறைத்து எழுத விருப்பமில்லை. எனக்குத் தெரிந்த ஒருவன் அதில் உடம்பைக் கெடுத்துக்கொண்டான். ஆனால் பெரும்பாலோர் வந்தது ஆடத்தான். அகலக் கால்சட்டையும் பனியனுமாக, தோளில் மாற்றுத்துணிப் பை. தனியாக ஆடுவார்கள், ஜோடி தேவையில்லை. சுழன்று, பின்பக்கம் சரிந்து, கை ஊன்றி எழுவார்கள். வாரம் முழுக்க ஆலையில் நின்ற கால்கள் அவை. நான் அங்கே ஒரு கறுத்த மாணவன், யாரையும் தெரியாது. ஆனால் அந்த மரத்தரையில் இறங்கியபின் ஒருவரும் என்னை யார் என்று கேட்கவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மாடியில் தட்டு விற்பவர்கள் பெட்டி பெட்டியாக வைத்திருப்பார்கள். அதில் எத்தனையோ திருட்டுப் பதிப்புகள். எங்களுக்கு அது தெரியும், தெரிந்தே வாங்கினோம், அசலுக்குக் கொடுக்கக் காசு இல்லை. மேடையிலும் எல்லா நேரமும் அசல்தான் ஓடியது என்றில்லை. ஒரே அசல் பிரதியிலிருந்து ஒவ்வொன்றாக வெட்டிய நகல்களான அசிடேட் தட்டுகள், எமிடிஸ்க் என்போம், அவையும் ஓடின. ஆடியவர்கள் ஒரு அடி தவறவிட்டார்களா? தம்பி ஊசிமுனை சொல்வதில் நியாயம் இருக்கிறது.

கீறல்விழாதவன்:
ஐயா, நீங்கள் நேரில் பார்த்தவர், நான் பிறகு வந்தவன். அதை மதித்தே சொல்கிறேன். நகல் ஓடியது உண்மை, அதனால் நடந்த கெடுதலும் உண்மை. ஃபிராங்க் வில்சன் 1965இல் டெட்ராய்ட்டின் மோடவுன் கம்பெனிக்காகப் பதிவு செய்த பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியீடு நிறுத்தப்பட்டது, மாதிரிப் பிரதிகளை அழித்துவிட்டார்கள், தப்பியவை விரல்விட்டு எண்ணலாம். அதை இங்கே லேபிளை மூடி, எடி ஃபாஸ்டர் என்ற பொய்ப் பெயரில் போட்டார்கள். அதே பொய்ப் பெயரில் திருட்டுப் பதிப்பும் வந்தது. ஒரு மனிதர் பாடிய பாட்டு, வேறொருவர் பெயரில், அவருக்கு ஒரு காசும் போகாமல் விற்றது. இதைச் சரி என்கிறீர்களா?

ஊசிமுனை:
அண்ணா, பொய்ப் பெயரை ஒட்டியது திருட்டுப் பதிப்பு போட்டவர் மட்டுமில்லையே. நீங்கள் முதலில் பெருமையாகச் சொன்ன அதே வெள்ளைத் தாள்தானே பாடியவரின் பெயரை மறைத்தது?

காசு பற்றிச் சொன்னீர்கள். அந்தத் தட்டின் ஒரு பிரதி 2009இல் 25,742 பவுண்டுக்கு ஏலம் போனது. அதில் பாடியவருக்குப் பங்கு கிடையாது. பழைய தட்டு கை மாறும்போது விற்றவருக்கும் வாங்கியவருக்கும் மட்டும்தான் கணக்கு. பாடகருக்கும் எழுதியவருக்கும் ஏதாவது போகிறது என்றால், அது உரிமை வாங்கி வரும் மறுபதிப்பில்தான். 1982இல் தொடங்கிய கென்ட் என்ற மறுபதிப்பு நிறுவனம் அதைத்தான் செய்கிறது. அன்று ஓரம் கட்டப்பட்ட என் ஏழு தட்டுகளும் அந்த வகைதான்.

ஹைலேண்ட்அறை:
இங்கே எல்லோரும் விகன் பற்றியே பேசுகிறீர்கள். நான் பிளாக்பூல் மெக்கா என்ற நடனக் கூடத்தின் ஹைலேண்ட் அறைக்குப் போனவள். அங்கே இயன் லெவின், காலின் கர்டிஸ் என்ற டிஜேக்கள் இருவரும் 1970களின் நடுவில் அப்போது வெளிவந்த புதிய பாட்டுகளையும் போட ஆரம்பித்தார்கள். பழைய அறுபதுகளின் தாளம் போதும் என்ற கூட்டம் கொதித்தது. லெவின் வெளியேறு என்று பதாகை பிடிக்கும் அளவுக்குப் போனது.

அங்கே நான் ஆடிய சில பாட்டுகள் அரியவையே அல்ல, அந்த வாரம் இறக்குமதியானவை. அதற்காக இரவு ஒன்றும் குறைந்துவிடவில்லை. அரிது, அசல் என்பதெல்லாம் சேர்ப்பவர்களின் அளவுகோல். எங்களில் பெண்கள் நிறையப் பேர் ஒரு தட்டுகூடச் சேர்க்கவில்லை, கையில் காசும் இல்லை. பேருந்துக்கும் நுழைவுக்கும் மிச்சம் பிடிப்பதே பாடு. ஆனால் தரையை நிறைத்தது நாங்கள். எது ஓடலாம் என்று தீர்மானிக்கும்போது எங்களை யாரும் கேட்டதில்லை.

கீறல்விழாதவன்:
அக்கா, உங்கள் கடைசி வரிக்கு என்னிடம் பதில் இல்லை. உண்மையிலேயே நாங்கள் கேட்டதில்லை.

ஊசிமுனை, வெள்ளைத் தாள் பற்றிச் சொன்னது எனக்கு வலித்தது, ஆனால் சரிதான். பாடகருக்குக் காசு என்ற வாதத்தையும் ஏற்கிறேன். என் வீட்டில் கென்ட் வெளியீடுகள் ஒரு அலமாரி நிறைய இருக்கின்றன. கேட்பதற்கு அவைதான். ஆனால் மேடை வேறு. அங்கே போடும் தட்டுக்கு நான் ஏதாவது இழந்திருக்க வேண்டும்: நேரமோ, பயணமோ, இருபது வருடக் காத்திருப்போ. இல்லையென்றால் பாட்டுப் பட்டியலை இயந்திரமே ஓட்டிவிடலாம். இதில் மட்டும் நான் நகர மாட்டேன்.

பால்கனிப்படி:
இழப்பு என்றதும் ஒன்று நினைவுக்கு வந்தது. 1977இல் ஒரு வியாபாரி அசல் என்று சத்தியம் செய்து ஒரு தட்டு கொடுத்தார். அறை வாடகைக்கு வைத்திருந்த பணத்தைக் கொடுத்து வாங்கினேன். பாட்டு முடிந்து லேபிள் தொடங்கும் இடைவெளியில் எண் இருக்குமே, அதைப் பார்க்க அப்போது தெரியாது. பிறகு ஒரு நண்பன் விளக்கருகே சாய்த்துக் காட்டினான். அச்சுக்குத்திய முத்திரை இருக்க வேண்டிய இடத்தில் ஆணியால் கீறிய எழுத்து. அன்று இரவு அழுதேன்.

அந்தப் போலியை நான் தூக்கிப் போடவில்லை. வருடக்கணக்கில் அதற்குத்தான் என் அறையில் ஆடப் பழகினேன். கேசினோவின் கடைசி ஆல்நைட்டர் 1981 டிசம்பர் 6 காலையில் முடிந்தது. ஒவ்வொரு இரவும் முடியும்போது போடும் அந்த மூன்று பாட்டுகள் எப்போதும் போல ஓடின. மூன்றில் கடைசிப் பாட்டைப் பாடிய டீன் பாரிஷுக்கு, இங்கே தன் குரலுக்கு இத்தனை பேர் அழுவது நெடுங்காலம் தெரியாது. கூட்டம் கலையவில்லை, மறுபடி மறுபடி போடச் சொன்னோம். மேடையில் சுழன்றது அசலா நகலா என்று நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஊசிமுனை:
ஐயா, அந்தப் போலித் தட்டு இன்னும் இருக்கிறதா?

பால்கனிப்படி:
இருக்கிறது. முதல் பாதியில் ஒரு கீறல், அந்த இடத்தில் ஊசி தாவும். என் கால் அதற்கும் சேர்த்தே பழகிவிட்டது.

கீறல்விழாதவன்:
ஐயா, அதே பாட்டின் அசல் என்னிடம் இருக்கிறது. மேடைக்கான என் விதி மாறவில்லை. ஆனால் உங்கள் வீட்டுக்கு ஒரு நாள் கொண்டுவந்து இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுக் கேட்க ஆசை. ஊசிமுனை, அந்த ஏழு தட்டுகளையும் எடுத்துக்கொண்டு நீங்களும் வாருங்கள்.