தம்பி காலேஜ் வேண்டாம் என்கிறான், எஞ்சின் பட்டறைக்குப் போகிறானாம். விடலாமா?

மண்டைக்காடு_அக்கா:
தம்பி பிளஸ் டூ முடித்துவிட்டான், 600-க்கு 402. வீட்டில் பி.காம். விண்ணப்பம் வாங்கி வைத்திருக்கிறார்கள். அவனோ குளச்சலில் வள்ளத்து எஞ்சின் பழுது பார்க்கும் பட்டறைக்குத்தான் போவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். ஒன்பதாம் வகுப்பிலிருந்தே லீவு நாளெல்லாம் அங்கேதான் கிடப்பான், கையெல்லாம் கிரீஸோடு வீட்டுக்கு வருவான். நான் பி.இ. படித்துவிட்டு நாகர்கோவிலில் ஒரு கடையில் பில் போடுகிறேன், மாதம் 11,000. அதனால் படித்தால் நல்லா இருப்பாய் என்று அவனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்பாவுக்கோ பட்டம் இல்லாதவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்ற கவலை. என்ன செய்யலாம், சொல்லுங்கள்.

கோணம்_ஃபிட்டர்:
இதில் யோசிக்க என்ன இருக்கு தங்கச்சி? விட்டுவிடு, போகட்டும். நான் கோணம் ஐ.டி.ஐ.யில் இரண்டு வருடம் ஃபிட்டர் படித்தவன், அப்புறம் சவுதியில் பதினான்கு வருடம். என்னோடு பத்தாம் வகுப்பு படித்தவர்களில் பட்டம் வாங்கிய பாதிப் பேர் இப்போதும் வீட்டில் பணம் வாங்கித்தான் பரீட்சைக்கு ஃபீஸ் கட்டுகிறார்கள். நான் தங்கச்சி கல்யாணத்தை முடித்து, வீட்டுக்கு மேல்மாடியும் எடுத்துவிட்டேன். ஒரு பம்ப் ஓடுகிற சத்தத்தை வைத்தே பேரிங் போயிருக்கா, ஷாஃப்ட் அலைன்மென்ட் விலகியிருக்கா என்று சொல்வேன். அதை எந்தக் காலேஜ் சொல்லித் தரும்? நம்ம கன்னியாகுமரி மாவட்டத்து ஆள் ஒருத்தர் இஸ்ரோ தலைவராகவே இருக்கிறார், வி. நாராயணன், மேலக்காட்டுவிளைக்காரர். அவர் 1984-ல் இஸ்ரோவில் சேர்ந்தது டிப்ளமோ படிப்பை வைத்துத்தான்.

தக்கலை_வாத்தியார்:
தம்பி, பாதிக் கதையைச் சொல்லிவிட்டு இறங்கிப் போய்விடக் கூடாது. டிப்ளமோவோடு அவர் நின்றாரா? பி.இ.க்கு நிகரான ஏ.எம்.ஐ.இ. முடித்தார், வேலையில் இருந்துகொண்டே கரக்பூர் ஐ.ஐ.டி.யில் கிரையோஜெனிக் என்கிற கடுங்குளிர்ப் பொறியியல் பிரிவில் எம்.டெக். வாங்கினார், அதற்கு மேல் முனைவர் பட்டமும் வாங்கினார். 2025 ஜனவரியில் அவரைத் தலைவராக உட்கார வைத்தது அந்தப் பிடிவாதம். அதைப் படிப்பு வேண்டாம் என்பதற்கு உதாரணமாகச் சொன்னால் எப்படி?

நான் முப்பத்து மூன்று வருடம் பள்ளிக்கூடத்தில் இருந்தவன். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் முதல் மாவட்டம் நம்முடையது, 91.75 சதவீதம். பனையேறியின் மகனும் மீன்காரியின் மகளும் நாற்காலியில் உட்கார்ந்தது படிப்பால்தான். மகளே, உன் பி.இ. உனக்குச் சோறு போடவில்லை என்ற கோபம் நியாயம்தான். அந்தக் கோபத்தில் தம்பியின் கதவைச் சாத்திவிடாதே. அரசு வேலைத் தேர்வில் குரூப் 4-க்குப் பத்தாம் வகுப்பு போதும், குரூப் 2, குரூப் 1 எழுதப் பட்டம் வேண்டும். இருபத்தெட்டு வயதில் அவனுக்கு ஆசை வந்தால் என்ன செய்வான்?

ரப்பர்பால்_குலசேகரம்:
சார், எல்லாரும் குரூப் 2 எழுதினால் விடியற்காலம் எழுந்து ரப்பர் மரத்தில் பால் எடுக்க யார் வருவார்? எங்கள் பக்கம் டாப்பிங்குக்கு ஆள் இல்லாமல் மரத்தை அப்படியே விட்டிருக்கிறார்கள். பட்டையை எத்தனை ஆழம் கீற வேண்டும் என்பது கைக்குத் தெரிய வேண்டும். கொஞ்சம் ஆழமாகப் போனால் மரம் புண்ணாகிவிடும், அப்புறம் அந்த இடத்தில் பட்டை ஒழுங்காக வளராது. ஆனால் ஒன்று, நானே என் மகனை இதற்கு அனுப்ப மாட்டேன். மழை பெய்தால் கூலி இல்லை, இலை உதிர்ந்தால் கூலி இல்லை. இதை யாரிடம் சொல்ல.

கோணம்_ஃபிட்டர்:
சார், ஆசை வந்தால் அப்போது படிக்கலாமே. பிளஸ் டூ கையில் இருக்கிறது, தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால் மூன்று வருடம். பிளஸ் டூ இல்லாமல் நேராக வாங்கிய பட்டம்தான் அரசு வேலைக்குச் செல்லாது, இவனுக்கு அந்தப் பிரச்சினை கிடையாது. படிப்பு எங்கேயும் ஓடிப்போகாது. கை பழகும் வயது போனால் வராது.

தூத்தூர்_கடல்:
நடுவில் வருகிறேன், மன்னிக்கணும். பதினைந்து வயதில் கடலுக்குப் போனவன் நான். எங்கள் ஊர்க்காரர்கள் சுறாவுக்கும் சூரைக்கும் கேரளக் கடலைத் தாண்டிப் போய் மாதக்கணக்கில் தங்கி வருகிறவர்கள். நீரோட்டம் பார்த்து மீன் எங்கே இருக்கும் என்று சொல்வேன். இது திறமை இல்லையா? பெரிய திறமைதான். ஆனால் 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி அடித்த பிறகு, இனி கடல் வேண்டாம் என்று கரையில் வேலை தேடிய நாலைந்து பேரை எனக்குத் தெரியும். என்ன தெரியும் என்று கேட்டால் சொல்ல அவர்களிடம் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. சரி, கப்பலுக்காவது போகலாம் என்றால் சி.டி.சி. என்கிற கப்பல் ஊழியர் புத்தகம் வேண்டும், அதற்குப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும். முப்பது வருடம் கடலில் கிடந்தேன் என்றால் அதை எந்தக் கவுண்டரில் வாங்கிக்கொள்வார்கள்? ஒரு கடற்கரையில் மட்டும் செல்லுகிற திறமை அந்தக் கடற்கரையோடு நம்மைக் கட்டிப்போட்டுவிடும். உன் தம்பி பட்டறைக்குப் போகட்டும், வெறும் கையோடு போக வேண்டாம்.

தேன்கூடு_மார்த்தாண்டம்:
தூத்தூர் அண்ணன் சொன்னதைக் கும்பிட்டு ஏற்றுக்கொள்கிறேன். இன்னொரு பக்கமும் இருக்கு. என் அப்பாவுக்கு ஏழாம் வகுப்புதான். 1991, 92-ல் தேனீக்களுக்குப் புழு அழுகுகிற வைரஸ் நோய் வந்து இந்த மாவட்டத்தில் பெட்டி பெட்டியாகக் காலியானது. எங்கள் வீட்டில் நூற்றிருபது பெட்டியில் ஒன்பது மிஞ்சியது. அப்பா அந்த ஒன்பதையும் பிரித்துப் பிரித்துப் பெருக்கினார். எந்தக் கூட்டம் நோயைத் தாங்கியதோ அதிலிருந்து மட்டுமே ராணி எடுத்தார். நான் பி.எஸ்சி. விலங்கியல் படித்தபோதுதான் இதற்குத் தேர்வு முறை இனப்பெருக்கம் என்று பேர் இருப்பதே தெரிந்தது.

இப்போது பெட்டிகளை நான்தான் பார்க்கிறேன். ரப்பர் துளிர்க்கும்போது இலைக்காம்பில் ஊறுகிற தேன்தான் எங்களுக்கு வருடச் சம்பளம், மாசி முதல் சித்திரை வரை தோட்டம் தோட்டமாகப் பெட்டியைச் சுமப்போம். பிடித்துத்தான் செய்கிறேன். ஆனால் கேட்கிறேன், இங்கே திறமை போதும் என்று பேசுகிற அண்ணன்மார் யாராவது தங்கள் தங்கச்சியை எஞ்சின் பட்டறைக்கு அனுப்புவீர்களா? பையன் என்றால் காலேஜ் வேண்டாம் என்று சொல்ல ஒரு பட்டறையாவது இருக்கிறது. பெண் சொன்னால் அடுத்த மாதம் தரகர் வீட்டுக்கு வந்துவிடுவார். என்னைத் தோட்டத்துக்குள் தனியாக நடமாட விட்டது அந்த பி.எஸ்சி.தான்.

கோணம்_ஃபிட்டர்:
அது வேறு விஷயம் அக்கா. நாம் பேசுவது பையனைப் பற்றி.

தேன்கூடு_மார்த்தாண்டம்:
வேறு விஷயமே இல்லை. பட்டத்துக்குச் சம்பளம் மட்டும்தான் விலை என்று நீங்கள் கணக்குப் போடுவதால் அப்படித் தெரிகிறது. சரி, அதை விடுங்கள். சவுதியில் பதினான்கு வருடத்தில் நீங்கள் எந்தப் பதவி வரை போனீர்கள்?

கோணம்_ஃபிட்டர்:
(கொஞ்சம் தாமதமாகப் பதில் போடுகிறேன், கடையில் ஆள் இருந்தார்கள்.) ஃபோர்மேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு மேலே வந்த இன்ஜினியர் பையனுக்கு வரைபடம் படிக்க நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அங்கே இன்ஜினியர் என்று போட வேண்டுமென்றால் பட்டத்தைச் சரிபார்த்து இன்ஜினியர் கவுன்சிலில் பதிய வேண்டும், அது என்னிடம் இல்லை. வலித்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பையன் ராத்திரி தூங்கவில்லை, நான் தூங்கினேன். மெஷின் நின்றால் என்னால் ஓட்ட முடியும் என்ற தைரியம். அதற்கு என்ன பேர் வைப்பீர்களோ வையுங்கள்.

தக்கலை_வாத்தியார்:
இதைத்தான் முதல் பதிவிலேயே எழுதியிருக்க வேண்டும் தம்பி. மேல்மாடிக் கணக்கெல்லாம் எதற்கு?

நானும் ஒரு படி இறங்கி வருகிறேன். அந்த பி.காம். விண்ணப்பத்தை எனக்கும் பிடிக்கவில்லை. பையனுக்குப் பிடிக்காத படிப்பில் மூன்று வருடம் உட்கார வைத்து அரியர் வாங்க வைப்பது பாவம். அதற்காகப் பட்டறை முதலாளியின் வாய்வார்த்தையை நம்பி அனுப்புவதா? அரசு ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் ஒரு வருடம்தான். படிப்புக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் அரசே கொடுக்கிறது. அந்தத் தேசியச் சான்றிதழை வைத்து டிப்ளமோ இரண்டாம் வருடத்தில் சேர வழி இருக்கிறதா என்று விசாரிக்கலாம், டிப்ளமோ முடித்தால் பி.இ. இரண்டாம் வருடத்தில் நேராகச் சேரலாம். இஸ்ரோவில் டெக்னீஷியன் வேலைக்குக் கேட்பதே பத்தாம் வகுப்பும் ஐ.டி.ஐ.யும்தான், இஸ்ரோ மையம் இருக்கிற மகேந்திரகிரி இங்கிருந்து எத்தனை தூரம்? சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் அவன் பட்டறைக்குப் போகட்டும், யார் தடுத்தது.

ரப்பர்பால்_குலசேகரம்:
சார் ஒரு படி இறங்கினதும் நாலு படிப்பு சொல்லிட்டாரு.

மண்டைக்காடு_அக்கா:
எல்லாருக்கும் நன்றி. நேற்று நானே அந்தப் பட்டறைக்குப் போய்விட்டு வந்தேன். முதலாளி அண்ணனுக்கு ஐம்பது வயது இருக்கும். சம்பளம் என்ன தருவீர்கள் என்றதற்கு, ஆறு மாதம் சாப்பாடும் பஸ் காசும், அப்புறம் பார்க்கலாம் என்றார். தம்பி உள்ளே ஒரு எஞ்சினைக் கழற்றி வைத்து, தண்ணீர் பம்பிலிருந்து இம்பெல்லரை, அதாவது தண்ணீரைத் தள்ளும் சக்கரத்தை எடுத்து என்னிடம் காட்டினான். ரப்பர் இதழெல்லாம் மணல் தின்று மொட்டையாக இருந்தது. கரையேறியதும் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவாமல் வைத்தால் இப்படித்தான் ஆகும், எஞ்சின் சூடாகி நடுக்கடலில் நின்றுவிடும் என்று ஐந்து நிமிடம் விடாமல் பேசினான். வீட்டில் அவன் இவ்வளவு நேரம் பேசி நான் கேட்டதே இல்லை.

முதலாளி அண்ணனிடம் ஐ.டி.ஐ. பற்றிக் கேட்டேன். அவர் சிரித்தார். எனக்கு அந்தக் காகிதம் இருந்திருந்தால் நானும் அன்றைக்கே துபாய் போயிருப்பேன், போய்ப் படிக்கச் சொல்லுங்கள், சாயங்காலம் இங்கே வரட்டும் என்றார். தம்பிக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை, முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறான். அப்பா இன்னும் பி.காம். விண்ணப்பத்தைக் கிழிக்கவில்லை.

தக்கலை_வாத்தியார்:
கிழிக்க வேண்டாம், இருக்கட்டும். ஐ.டி.ஐ.க்குக் கடைசித் தேதி என்ன என்று பார்த்தாயா மகளே?

மண்டைக்காடு_அக்கா:
இன்னும் இல்லை சார். நாளைக்குக் கடைக்கு லீவு சொல்லியிருக்கிறேன், அவனையும் இழுத்துக்கொண்டு கோணம் போகிறேன்.

கோணம்_ஃபிட்டர்:
ஒரிஜினல் மார்க் ஷீட்டும் டி.சி.யும் எடுத்துக்கொண்டு போ தங்கச்சி. காலையிலேயே போய்விடு, மத்தியானம் போனால் கவுண்டரில் ஆள் இருக்க மாட்டார்கள்.