'எஞ்சாய் எஞ்சாமி' பாட்டு: உங்களை விடாமல் துரத்தும் ஒரு சம்பவம் சொல்லுங்கள்

கூடலூரான்
டேன்டீ (தமிழ்நாடு அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவன். 2021 மார்ச்சில் பாட்டு வந்ததும் அப்பாயிக்குப் போனில் போட்டுக் காட்டினேன். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் 'தாயகம் திரும்பியோர்' என்று பெயர் வைத்து, தலைமன்னாரில் கப்பலேற்றி மண்டபம் முகாமுக்கு அனுப்பிய கூட்டத்தில் அவரும் ஒருவர். பாடகி தீ பாடும்வரை தலையாட்டிக்கொண்டிருந்தார். தோட்டம் செழித்தும் தொண்டை நனையவில்லை என்று ராப் பாடகர் அறிவு பாடியதும் போனைப் பிடுங்கிக்கொண்டார். "இவனுக்கு இதை யாருடா சொன்னது?" அறிவின் பாட்டி வள்ளியம்மாளும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் இருந்தவர்தான் என்றேன். அன்றிலிருந்து என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்வி: எந்தத் தோட்டம், எந்த டிவிசன்?

ரிசப்ஷன் டிஜே
மணமக்கள் மேடையேறும் நேரம். மாப்பிள்ளையின் நண்பர்கள் கேட்டார்கள், போட்டேன். பாதியில் ஒரு பெரியப்பா நேராக என் மேசைக்கு வந்து, "நல்ல காரியத்துல ஒப்பாரி போடுறியே தம்பி" என்றார். மண்டபமே ஆடிக்கொண்டிருக்கிறது, அவர் காதில் மட்டும் அது விழுந்திருக்கிறது! பாட்டுக்குள் ஒப்பாரி இருப்பது நிஜம்தானே. நிறுத்தினேன். ஆடியவர்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள்.

கறுப்புக்காய்
2022 ஜூலை 28, செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா, சென்னை நேரு உள்விளையாட்டரங்கம். மேடையில் தீயும் நாட்டுப்புறப் பாடகி கிடாக்குழி மாரியம்மாளும். அறிவின் குரல் ஸ்பீக்கரில் மட்டும். பக்கத்து சீட்டில் ஒரு சின்னப் பையன், "அந்த அண்ணன் எங்கே?" என்று அவன் அம்மாவைக் கேட்டான். அந்த அம்மா கைதட்டுவதை நிறுத்தவில்லை. முந்தைய ஆண்டு ரோலிங் ஸ்டோன் இந்தியா இசை இதழின் அட்டையிலும் அறிவு இல்லை, இயக்குநர் பா. ரஞ்சித் கேட்ட பிறகுதான் பலர் கவனித்தார்கள்.

நாலாவது டிராக்
கறுப்புக்காய், அரைக்கதை சொல்லாதீர்கள். அறிவு அப்போது அமெரிக்காவில் இருந்தார், அதனால் வர முடியவில்லை என்று பாட்டின் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் விளக்கம் கொடுத்தாரே. ஆனால் மெட்டும் வரியும் என்னுடையவை என்று அறிவு எழுதியதையும் படித்தேன். ஆளுக்கொரு கணக்கு.

என் சம்பவம் சின்னது: நான் மிக்ஸ் செய்த ஒரு ராப் பாட்டு ஓடியது, பெயர் வரவில்லை, காசும் வரவில்லை. ஆகவே பாட்டு போடும் தம்பி தங்கைகளுக்குச் சொல்கிறேன். ரெக்கார்டிங் அன்றே ஒரு தாளில் வரி யாருடையது, மெட்டு யாருடையது, எத்தனை சதவீதம் என்று எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். பீட் போட்டவரை மறக்காதீர்கள். எழுதிய உரிமை வேறு, பதிவின் உரிமை வேறு. 2012 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பாடலாசிரியரின் ராயல்டி பங்கை அப்படியே எழுதி வாங்கிவிட முடியாது, ராயல்டியை வசூலித்துத் தரும் சங்கமான ஐபிஆர்எஸ்ஸில் உறுப்பினராகுங்கள். பெரிய ஆட்களுக்கே இந்த நிலைமை: 2024 மார்ச்சில், மூன்று வருடமாகியும் இந்தப் பாட்டில் ஒரு பைசா வரவில்லை என்று சந்தோஷே வீடியோ போட்டார். அப்புறம் அழாதீர்கள்.

ரிசப்ஷன் டிஜே
அண்ணே, சம்பவம்தானே கேட்டாங்க?

ஹட்டன் பிள்ளை
இந்தியாக்காரர் எல்லாரும் காசுக் கணக்கும் அட்டைப்படமும் பேசுகிறீர்கள். அந்தப் பாட்டு வந்த அதே வாரம்தான் இலங்கைத் தோட்டத்து ஆட்களான எங்களுக்கு நாள் சம்பளம் 1000 ரூபாய் என்று வர்த்தமானி (அரசிதழ்) வந்தது. கம்பனிகள் நீதிமன்றம் போய்விட்டன. எங்கள் மலையில் தேயிலைக் கொழுந்து நிறுக்கிற நேரம். சாக்குக்கு, ஈரத்துக்கு என்று கணக்குப்பிள்ளை அம்மாவின் கொழுந்தில் இரண்டு கிலோ கழித்துக்கொண்டிருந்தார். அவர் போன் அடித்தது. ரிங்டோன் அந்தத் தொண்டை நனையாத வரிதான். வரிசையில் நின்ற அத்தனை பெண்களும் சிரித்துவிட்டார்கள். அவர் போனை அணைத்துவிட்டு இரண்டு கிலோவையும் கழித்தே எழுதினார்.