புதுப்பிப்பு: பொண்ணு பொறந்துட்டா!

32-வது வாரத்துல, "வலி வந்தா படுக்காம நடந்துக்கிட்டே இருக்கலாமா?"ன்னு கேட்டிருந்தேன்ல, அதோட தொடர்ச்சி இது. 39-வது வாரம், சுகப்பிரசவம், 2.9 கிலோ.

டாக்டர் சரின்னதும் தினமும் சாயங்காலம் காசிமேட்டுப் பக்கம் அரை மணி நேரம் நடந்தேன். குத்தவெச்சு கீரை ஆயச் சொன்னது எங்க ஆயா. அதுதான் இடுப்புக்கு ரொம்ப உதவுச்சு.

வலி வந்தப்ப ஜன்னல் கம்பியைப் பிடிச்சு, இடுப்பை ஆட்டிக்கிட்டே நின்னேன். ஒவ்வொரு வலிக்கும் அம்மா உள்ளங்கையால முதுகை அழுத்துவாங்க. அந்தச் சூடு இன்னும் முதுகுல இருக்கு. பிரசவ அறையில துணைக்கு ஆள் விடுவாங்களான்னு ஆஸ்பத்திரியில முன்னாடியே கேட்டு வைங்க.

உலக சுகாதார நிறுவனம் 2018-ல சொன்னபடி கர்ப்பப்பை வாய் 5 செ.மீ. திறந்த பிறகுதான் பிரசவத்தோட தீவிர கட்டம். 3 செ.மீ.ல சோர்ந்துடாதீங்க.

நஞ்சுக்கொடி கர்ப்பப்பையில கீழ இருக்கறவங்க, ரத்தக்கொதிப்பு உள்ளவங்க டாக்டரைக் கேக்காம எதுவும் செய்யாதீங்க, ப்ளீஸ்.