புதுப்பிப்பு: காரணமில்லாம ஏறின 5 கிலோ

போன மாசம் புலம்பியிருந்தேன்: சாப்பாடு கூடேல்லை, வெள்ளவத்தைக் கடற்கரை நடையும் விடேல்லை, நாலு மாசத்தில 5 கிலோ. "கொத்துரொட்டியைக் குறையுங்கோ" எண்டினம் பாதிப்பேர்.

ரத்தம் சோதிச்சாச்சு. டிஎஸ்எச் (தைரொயிட்டைத் தூண்டுற ஹோர்மோன்) 38, வழமையா 4 சொச்சத்துக்குள்ள இருக்கோணும். அது இவ்வளவு கூடினா, கழுத்தில இருக்கிற தைரொயிட் சுரப்பி மந்தம் எண்டு அர்த்தம். இதால ஏறுற எடையில பெரும்பகுதி உப்பும் தண்ணியும்தானாம். "எல்லாப் பழியையும் இதில போடாதேங்கோ" எண்டும் டொக்டர் சொன்னா. நியாயம்தான், பின்னேர ரோல்ஸை நான் கணக்கில எடுக்கேல்லை.

குறைஞ்ச தைரொயிட் ஹோர்மோனுக்குப் பதிலா தைரொக்சின் குளிசை, விடிய வெறும் வயித்தில. போட்டு அரை மணித்தியாலத்துக்குப் பிளேன்டீ இல்லை, அதுதான் கொடுமை. கல்சியம் குளிசைக்கு 4 மணித்தியாலம் இடைவெளி விடோணும்.

மூண்டு கிழமையாச்சு. மோதிரம் இப்ப சவர்க்காரம் போடாமலே கழருது. தராசில 1 கிலோதான் இறக்கம். அடுத்த மாசம் திரும்ப ரத்தம்.