எலும்புக்கு மேல் தசையும் நிறமும்: ஓவியர் எதை நம்பி வரைகிறார்?

கேள்வி:
அருங்காட்சியகப் பலகை ஒன்றுக்கு டைனோசர் ஓவியம் வரையும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. எலும்புக்கூட்டின் அளவுகள் கையில் உள்ளன. ஆனால் எவ்வளவு தசை, என்ன நிறம், இறகா செதிலா என்று முடிவு செய்ய வேண்டிய இடத்தில் கை நின்றுவிடுகிறது. பார்க்க வரும் குழந்தைகள் நான் வரைவதை அப்படியே மனத்தில் பதித்துக்கொள்வார்கள் என்பதால் கேட்கிறேன்: சான்று எதுவரை கைகொடுக்கும்?

பதில் 1:
தசைக்கு எலும்பே சாட்சி. தசை பற்றியிருந்த இடங்கள் பலவற்றில் சொரசொரப்பான மேடோ வரியோ இருக்கும். அவற்றைப் பறவை, முதலை ஆகிய இரு உறவினங்களின் உடலமைப்போடு ஒப்பிட்டுத் தசையைப் படிப்படியாக ஏற்றுங்கள். எலும்பின் மேல் தோலை மட்டும் இழுத்துப் போர்த்தியதுபோல் வரையும் பழைய பழக்கம் வேண்டாம். யானையின் தும்பிக்கையில் எலும்பே கிடையாது. மண்டையோட்டின் விளிம்பை மட்டும் பின்பற்றி வரைபவருக்கு அது அகப்படவே அகப்படாது.

பதில் 2:
நிறம் முழுக்க ஊகம் என்ற நிலை 2010இல் மாறியது. சீனாவின் லியாவோனிங் பகுதியில் கிடைத்த சைனோசாரோப்டெரிக்ஸ் என்ற சிறிய டைனோசரின் இறகு போன்ற இழைகளை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது, நிறமியைத் தாங்கும் மெலனோசோம்கள் தென்பட்டன. அவை நீண்டிருந்தால் கருமை, உருண்டிருந்தால் செம்பழுப்பு. இவ்வகையில்தான் அதன் வாலில் செம்பழுப்பும் வெண்மையும் மாறி மாறி வந்த பட்டைகள் தெரியவந்தன. உங்கள் விலங்குக்கு இத்தகைய புதைபடிவம் இல்லையென்றால், அதன் அளவும் வாழிடமும் ஒத்த இன்றைய விலங்குகளின் நிறத்தையே துணையாகக் கொள்ளுங்கள்.

பதில் 3:
மேலே சொன்னவற்றோடு உடன்படுகிறேன், ஆனால் ஊகத்துக்கு அஞ்சிக் கையைக் கட்டிக்கொள்ளாதீர்கள். 1854இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் பூங்காவில் சிற்பி ஹாக்கின்ஸ் அமைத்த இகுவானோடன் என்ற டைனோசரின் சிலைகளின் மூக்கில் ஒரு கொம்பு உண்டு. 1878இல் பெல்ஜியத்தின் பெர்னிசார் சுரங்கத்தில் முழு எலும்புக்கூடுகள் கிடைத்த பிறகே அது கட்டைவிரலின் முள் என்பது உறுதியானது. அன்று கையிலிருந்த துண்டுகளைக் கொண்டு அவர் நேர்மையாகவே செய்தார் என்பது என் கருத்து. பின்னணியையும் மறந்துவிடாதீர்கள்: ஜுராசிக் காட்சியென்றால் தரையில் புல் கூடாது, பெரணியும் பனை போலத் தோன்றும் சைகட் தாவரங்களும் ஊசியிலை மரங்களும் போதும்.

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. ஓவியத்துக்குப் பக்கத்திலேயே எலும்புக்கூட்டின் கோட்டுப்படத்தை வைத்து, கிடைத்த எலும்புகளுக்கு மட்டும் வண்ணம் தீட்டப் போகிறேன். அதன் கீழே, தோலின் நிறம் எங்கள் ஊகம் என்று குழந்தைகள் படிக்கும் அளவு பெரிய எழுத்தில் எழுதிவைப்பேன்.