‘நாளிரைப் பெயர்வு’: ஒரு கலைச்சொல் முன்மொழிவு

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

ஆற்றுக் கொன்றுண்ணிகளின் உணவு அணைகளாலும் அயல் மீன்களாலும் எவ்வாறு மாறுகிறது என்ற கட்டுரைக்காக, ‘டயட் ஷிஃப்ட்’ (ஒரு விலங்கின் வழக்கமான உணவு வேறொன்றாக மாறுவது) என்பதற்குத் தமிழ்ச்சொல் கேட்டிருந்தேன். உணவுப் பழக்க மாற்றம், இரைமாற்றம், உணவுத்திரிபு என மூன்று சொற்களை அனுப்பியிருந்தீர்கள். மூன்றையும் வாக்கியங்களில் இட்டு எழுதிப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

‘பழக்கம்’ என்றதும் அந்த விலங்கு தானாகப் பழகிக்கொண்டது என்ற பொருள் வந்துவிடுகிறது. ஆறு மாறியதால் நேர்ந்தது விலங்கின் விருப்பம்போல் தொனிக்கிறது. ‘காலநிலை மாற்றம்’ என்னும்போது மாறுவது காலநிலை. அதே அமைப்பில் ‘இரைமாற்றம்’ என்றால், மாறியது இரைதான் என்று மாணவர் படிப்பார். ‘திரிபு’ என்பது இலக்கணத்தில் குற்றமற்ற சொல்லாயினும், பேச்சுவழக்கில் கெட்டுப்போனது என்ற சாயல் அதற்கு ஏறிவிட்டது. அறிவியல் சொல் தீர்ப்பையும் சேர்த்துச் சுமக்கக் கூடாது என்பது என் கருத்து.

சென்ற கோடையில் ஒகேனக்கல்லுக்கு மேலே, ஆற்றோரப் பாறை ஒன்றில் நீர்நாயின் எச்சம் உலர்ந்து கிடந்ததைக் குச்சியால் கிளறிப் பார்த்தேன். கண்ணாடிச் சில்லுபோல் மீன்செதில்கள் அடுக்கடுக்காக ஒட்டியிருந்தன. நடுவே முதுகுத்துடுப்பின் கூரிய முட்கள். வாளைக்கும் கெளுத்திக்கும் செதிலே கிடையாது. கெண்டைக்குச் செதில் உண்டு. ஆனால் முதுகில் இப்படி வரிசையாக முள் நிற்பதில்லை. உடன் வந்த பரிசல்காரர் குனிந்துகூடப் பார்க்காமல், “இப்ப இதுங்களுக்கு ஜிலேபிதாங்க தீனி” என்றார். ஜிலேபி என்று அவர் சொன்னது, முதுகில் முள்வரிசை உள்ள திலாப்பியா மீனை. ஒரே ஓர் எச்சத்தை வைத்து முடிவு கட்ட முடியாது என்பது உண்மைதான். ஆயினும் எனக்கு வேண்டிய சொல்லின் பாதி அந்த வாக்கியத்தில் இருந்தது.

‘தீனி’ எங்கள் தருமபுரிப் பக்கம் உயிருள்ள சொல்; ஆனால் அது மனிதர் போட்டு மாடும் கோழியும் தின்பது. தானே தேடிப் பிடித்துத் தின்னும் உயிருக்கு ‘இரை’ என்பதே பொருந்தும். பாம்பு ‘இரை எடுத்திருக்கிறது’ என்றுதானே இன்றும் சொல்கிறோம். இந்த எண்ணத்தில் இருந்தபோது, குறுந்தொகை 364ஆம் பாட்டிலும் ஐங்குறுநூறு 63ஆம் பாட்டிலும் நீர்நாயைப் பற்றி வரும் ‘வாளை நாளிரை பெறூஉம்’ என்ற தொடர் நினைவுக்கு வந்தது. ஒரு விலங்கு அன்றாடம் எதைத் தின்று வாழ்கிறதோ, அதற்கு ‘நாளிரை’ என்ற சொல் ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது. அதுவும் நாம் பேசிக்கொண்டிருக்கும் அதே விலங்கைப் பற்றியது. அந்த நாளிரை அன்று வாளை. பரிசல்காரர் வாக்கில் இன்று ஜிலேபி.

இடையில் நடந்ததை நாம் அறிவோம். 1934இல் மேட்டூர் அணை எழுந்தது. கடலில் பிறந்து ஆற்றில் ஏறி வளரும் விலாங்கு போன்றவற்றின் வழி மறிக்கப்பட்டது. நாகமரை, ஒட்டனூர்ப் பக்கம் ஓடும் ஆறு நிற்கும் நீராயிற்று. 1952இல் ஆப்பிரிக்காவின் திலாப்பியா, நம் வாயில் ஜிலேபிக் கெண்டை, இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. பெண்மீன் முட்டையையும் குஞ்சையும் வாயிலேயே வைத்துக் காப்பதாலும், சில மாதங்களிலேயே முதிர்ந்து ஆண்டில் பலமுறை இனம்பெருக்குவதாலும், கரையோரத் தேங்குநீரில் குழி பறித்துக் கூடமைப்பதாலும், அணை உருவாக்கிய இடமே அதற்கு ஏற்ற இடமாகிவிடுகிறது. கரையோரம் வேட்டையாடும் நீர்நாய்க்கும் அது எளிதில் அகப்படுகிறது. வாளை மற்ற மீன்களைத் தின்னும் மீன். ஜிலேபி பெரும்பாலும் பாசியும் மட்கும் தின்பது. ஆகவே வாளையை விட்டு ஜிலேபிக்கு வரும் நீர்நாய் உணவு வலையில் ஒரு படி கீழே இறங்குகிறது. நீர்நாயின் முடியிலோ நகத்திலோ உள்ள நைட்ரஜன்-15 (நைட்ரஜனின் கனமான வகை) அளவைக் கொண்டு இந்த இறக்கத்தைக் கணக்கிட முடியும். ஒரு படிக்கு அது ஆயிரத்தில் 3.4 பங்கு அளவில் வேறுபடும் என்பது பரவலாகக் கொள்ளப்படும் சராசரி.

இந்தப் படியிறக்கத்தையும் தாங்கும் சொல்லாக ‘பெயர்வு’ எனக்குப் படுகிறது. இடப்பெயர்வு, புலம்பெயர்வு என்பவற்றில், இருந்த இடம் விட்டு இன்னோரிடத்தில் நிலைகொள்வது என்ற பொருள் இருக்கிறது. போனவரின் விருப்பமா கட்டாயமா என்பதைச் சொல் தீர்மானிப்பதில்லை. ‘பெயர்ச்சி’ வேண்டாம், ‘நாள்’ என்பதோடு சேர்ந்தால் படிப்பவர் மனம் பஞ்சாங்கத்துக்குப் போய்விடும். எனவே என் முன்மொழிவு: நாளிரைப் பெயர்வு.

காரணத்தையும் சொல்லுக்குள் அடக்க வேண்டும் என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். அதை நான் ஏற்கவில்லை. வட அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றில், அணையின் சுழலியை (டர்பைன்) கடந்து நிலைதடுமாறி வரும் சால்மன் குஞ்சுகளை அணையடியில் காத்திருந்து தின்பது அந்த ஆற்றுக்கே உரிய பைக்மின்னோ மீன். அங்கே அணை மட்டுமே போதுமானதாக இருந்தது. அதே வட அமெரிக்காவின் ஈரி ஏரியில் அணை இல்லாமலேயே, கருங்கடல், காஸ்பியன் பகுதியிலிருந்து வந்த உருண்டைக் கோபி மீன் அவ்வூர் நீர்ப்பாம்பின் உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் இடம்பிடித்தது. அந்தப் பாம்பு எண்ணிக்கையில் பெருகி, 2011இல் அமெரிக்கக் கூட்டரசின் அழிவாபத்துப் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது. காரணத்தை ‘அணைவழி’, ‘அயலினவழி’ என்ற முன்னடைகளால் குறிக்கலாம். ‘வந்தேறி’ என்ற சொல்லை மீனுக்கும் பயன்படுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அது மனிதர்மேல் வீசப்பட்டுப் புண்படுத்திய சொல்.

இன்னொன்று. சூழலியலாளர் மர்டாக் 1969இல் கொன்றுண்ணி நத்தைகளை வைத்து விளக்கிய ‘ஸ்விட்சிங்’ வேறு. இரண்டு இரைகளில் எது மிகுதியோ, அதன் பங்குக்கும் மிஞ்சி அதையே கொன்றுண்ணி நாடுவதும், அது குறைந்தால் மற்றதற்குத் திரும்புவதும் அது. அதற்கு ‘இரைத்தாவல்’ என்று வைத்துக்கொள்ளலாம். தாவல் திரும்பி வரும். பெயர்வு பெரும்பாலும் ஊன்றிவிடும்.

‘நாளிரை’யில் உள்ள ‘நாள்’ விடியற்காலையைக் குறிக்கிறது என்று உரைவழி கொண்டு மறுப்போர் இருக்கலாம். அவ்வாறு கொண்டாலும் சொல் கெடுவதாக எனக்குத் தோன்றவில்லை. இலக்கணம் நன்கறிந்த நண்பர்கள் இதைப் பார்த்துச் சொல்ல வேண்டும். தனிச்சொல்லாக ‘நாளிரை’, தொடராக ‘நாளிரைப் பெயர்வு’ என்ற இந்த வடிவங்களையே கட்டுரையின் முதல் வரைவில் இட்டிருக்கிறேன்.

தருமபுரியிலிருந்து,
அன்புடன்.