தண்ணீர் மாறியதும் நன்னாரி சர்பத்தில் பல் கூசுகிறது: எப்படிச் சரிசெய்வது?

கெடிலக்கரை:
வணக்கம். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பன்னிரண்டு ஆண்டுகள் நன்னாரி சர்பத் விற்றுவந்த நான், சென்ற மாதம் கடையைப் புதுச்சேரி முத்தியால்பேட்டைக்கு மாற்றினேன். வேரையோ அளவையோ மாற்றவில்லை. ஒரு லிட்டர் பாகுக்கு 650 கிராம் சர்க்கரை, 15 கிராம் எலுமிச்சை உப்பு. ஒரு பங்கு பாகுக்கு நான்கு பங்கு தண்ணீர். ஆனால் இங்கே முதல் மடக்கிலேயே புளிப்பு சுள்ளென்று ஏறிப் பல் கூசுகிறது. நன்னாரி வாசம் அதற்குப் பிறகுதான் தெரிகிறது. சர்க்கரையைக் கூட்டினால் திகட்டுகிறதே தவிர கூச்சம் போகவில்லை. எலுமிச்சை உப்பைப் 10 கிராமாகக் குறைத்தால் சப்பென்று ஆகிவிடுகிறது. கடலூரிலிருந்து வந்த பழைய வாடிக்கையாளர் ஒருவர் பாதி கிளாஸை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போனது மனத்தை மிகவும் வருத்திவிட்டது. சிட்ரேட் சேர்த்தால் சரியாகும் என்று ஒருவர் சொன்னதால், மளிகைக் கடையில் 'சிட்ரிக் உப்பு' என்று கேட்டு வாங்கிப் பாகில் 3 கிராம் போட்டேன். புளிப்பு இன்னும் கூடிவிட்டது. என்ன தவறு செய்கிறேன்?

உப்பளம்:
கிளாஸுக்கு ஒரு சிட்டிகை சாதாரண உப்புப் போட்டுப் பாருங்கள் அண்ணா. எங்கள் வீட்டில் எலுமிச்சைச் சாற்றுக்கு அப்படித்தான் செய்வோம்.

வேதியியல் ஆசிரியை, வில்லியனூர்:
சாதாரண உப்பு சுவையைக் கொஞ்சம் மாற்றிக் காட்டும். ஆனால் அமிலத்தின் வேகத்தை அது தணிக்காது. நன்னாரிக்கு உப்புக் கரிப்பும் பொருந்தாது என்பது என் கருத்து.

முதலில் அந்தப் பொட்டலத்தைப் பார்ப்போம் தம்பி. 'எலுமிச்சை உப்பு' என்று நாம் சொல்வது உண்மையில் உப்பன்று, சிட்ரிக் அமிலம். 'சிட்ரிக் உப்பு' என்று கேட்டதால் கடைக்காரர் அதையே மறுபடியும் கொடுத்திருப்பார். நீங்கள் கேட்க வேண்டிய பெயர் ட்ரைசோடியம் சிட்ரேட். உணவுத் தரமானதாக இருக்க வேண்டும். உறையில் சிட்ரிக் அமிலத்துக்கு 330 என்றும், சோடியம் சிட்ரேட்டுக்கு 331 என்றும் எண் இருக்கும். நாக்கு நுனியில் ஒரு துணுக்கு வைத்தால் முன்னது புளிக்கும். பின்னது மெல்லிய உப்புச் சுவையோடு நின்றுவிடும்.

இன்னொரு கேள்வி: அங்கே என்ன தண்ணீர், இங்கே என்ன தண்ணீர்?

கெடிலக்கரை:
நீங்கள் சொன்னது சரிதான் அம்மா, உறையில் 330 என்றே இருக்கிறது. அங்கே ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சாமல் வடிகட்டி மட்டும் பயன்படுத்தினேன். வீட்டில் அதே தண்ணீரைக் காய்ச்சும் தவலையில் வெள்ளையாகப் படிந்துவிடும். வாரம் ஒருமுறை புளி போட்டுத் தேய்ப்போம். இங்கே 20 லிட்டர் கேன் தண்ணீர்.

வேதியியல் ஆசிரியை, வில்லியனூர்:
அப்படியானால் காரணம் கிடைத்துவிட்டது. அந்தப் படிவு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். தண்ணீரில் கரைந்திருந்த பைகார்பனேட் காய்ச்சும்போது அப்படி மாறிப் படிகிறது. புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் தவலையில் படிவைக் கரைத்ததுபோலவே, உங்கள் சர்பத்தில் எலுமிச்சை உப்பின் ஒரு பகுதி பைகார்பனேட்டோடு சேர்ந்து சிட்ரேட்டாக மாறிக்கொண்டிருந்தது. நீங்கள் அறியாமலேயே பன்னிரண்டு ஆண்டுகளாக அமிலத்தையும் அதன் உப்பையும் கலந்தே விற்றிருக்கிறீர்கள். கேன் தண்ணீரில் பைகார்பனேட் மிகக் குறைவாக இருப்பதால் அமிலம் தனியாக நிற்கிறது.

தண்ணீரில் அமிலத்தைத் தணிக்கும் பைகார்பனேட் போன்றவை எவ்வளவு என்பதைக் காட்டும் அளவே காரத்தன்மை. இறால் பண்ணைக்காரர்கள் வைத்திருக்கும் காரத்தன்மைச் சோதனைப் பெட்டியால் இரண்டு தண்ணீரையும் அளந்து பாருங்கள். கால்சியம் கார்பனேட் கணக்கில் லிட்டருக்கு 300 மில்லிகிராம் என்று வந்தால், அது ஒவ்வொரு லிட்டரிலும் அரை கிராம் சமையல் சோடா கரைந்திருப்பதற்குச் சமம். உங்கள் அளவில் ஒரு லிட்டர் சர்பத்தில் 3 கிராம் அமிலம் இருக்கிறது. கேன் தண்ணீரில் அதன் பிஎச் (எண் குறையக் குறைய அமிலத்தின் வேகம் கூடும் அளவுகோல்) சுமார் 2.5, பழைய தண்ணீரில் சுமார் 3. எண்ணில் சிறிய வேறுபாடாகத் தோன்றினாலும், அரை அலகு என்பது தனித்து நிற்கும் ஹைட்ரஜன் அயனிகளில் மூன்று மடங்கு வேறுபாடு.

அமிலத்தைக் குறைத்தபோது சப்பென்று போனதற்கும் காரணம் உண்டு. புளிப்பு பிஎச்சை மட்டும் பொறுத்ததன்று. பானத்தில் உள்ள மொத்த அமிலத்தையும் பொறுத்தது. நீங்கள் மொத்தத்தைக் குறைத்தீர்கள், கூச்சமோ அவ்வளவாகக் குறையவில்லை. சிட்ரேட் இதற்கு நேர்மாறாக, மொத்த அமிலத்தை அப்படியே வைத்துக்கொண்டு அதன் கூர்மையை மட்டும் மழுக்கும்.

15 கிராம் அமிலத்துக்கு 3 கிராம் ட்ரைசோடியம் சிட்ரேட் சேர்த்துத் தொடங்குங்கள். சிறிய தராசு இல்லையென்றால் 30 கிராமைக் கரைத்து மொத்தம் 300 மில்லியாக்கிக்கொள்ளுங்கள். அதில் 10 மில்லி எடுத்தால் 1 கிராம்.

உப்பளம்:
அரை கிராம் சமையல் சோடாவுக்குச் சமம் என்றால், கையில் இருக்கும் சோடாவையே போடலாமே?

வேதியியல் ஆசிரியை, வில்லியனூர்:
போடலாம், லிட்டர் பாகுக்கு 2 கிராம் போதும். ஆனால் பாகு நுரைத்துப் பொங்கும், சற்றுக் கூடினாலும் புளிப்பே செத்துவிடும். சிட்ரேட்டில் கை கொஞ்சம் தவறினாலும் சமாளிக்கலாம்.

கெடிலக்கரை:
அளந்துவிட்டேன். பழைய கிணற்றுத் தண்ணீர் 310, கேன் தண்ணீர் 20. நேற்று 2, 3, 4 கிராம் என மூன்று பாகு கலந்து, எது எதுவென்று சொல்லாமல் வீட்டில் எல்லோருக்கும் கொடுத்தேன். இரண்டில் கூச்சம் கொஞ்சம் இருந்தது. நான்கில் நாவின் ஓரத்தில் உப்பு தட்டியது. மூன்றைக் குடித்த என் மாமியார், "இது நம் கிணற்றுத் தண்ணீரில் போட்டதா?" என்று கேட்டார்கள். மிக்க நன்றி அம்மா. பாகு கெடாமலிருக்க அதில் சோடியம் பென்சோயேட் சேர்க்கிறேன். சிட்ரேட்டால் அதற்குப் பாதிப்பு வருமா?

வேதியியல் ஆசிரியை, வில்லியனூர்:
இந்த அளவில் வராது. பென்சோயேட் அமிலச் சூழலில் பென்சாயிக் அமிலமாக இருக்கும்போதுதான் வேலை செய்யும். பிஎச் 3 இல் அதன் 94 விழுக்காடு அந்த வடிவில் இருக்கும், 4 இல் சுமார் 60 விழுக்காடுதான். ஆகவே சிட்ரேட்டை இனிமேல் கூட்டினால், பாகின் பிஎச்சை ஒருமுறை தாளால் சோதித்துவிட்டுப் புட்டியில் அடையுங்கள். வேறு நிறுவனத்தின் கேனுக்கு மாறும் நாளிலும் காரத்தன்மையை மறுபடி அளக்க வேண்டும்.